பழைய கேம்பாய்க்கு செகண்ட் ஹேண்ட் ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்): 2004-ஆம் ஆண்டு என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற கையடக்க வீடியோ கேம் கருவி இன்றும் என்னிடம் நல்ல நிலையில் இருக்கிறது. உடன் வந்த இரண்டு கேசட்டுகளில் ஒன்று தொலைந்துவிட்டது. கோவையில் ஒருவர் தம்மிடமுள்ள எவர்டிரைவ் ஃப்ளாஷ் கேட்ரிட்ஜை (மெமரி கார்டில் உள்ள ஆட்டங்களை ஓட்டும் கேசட்டை) 64 ஜிபி மெமரி கார்டுடன் சேர்த்து, புதியதன் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். மெனு வருவதையும் ஆட்டம் தொடங்குவதையும் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த வீடியோவை மட்டும் நம்பி முன்பணம் அனுப்ப வேண்டாம். மெனு வருகிறது, ஆட்டம் ஓடுகிறது என்பதெல்லாம் ஒரு ஃப்ளாஷ் கேட்ரிட்ஜின் நிலைமையில் பாதியைத்தான் சொல்லும். மீதிப் பாதி, நீங்கள் இரவில் சேமித்து வைத்த ஆட்டம் மறுநாள் காலையில் அப்படியே இருக்கிறதா என்பதில் இருக்கிறது. கைமாறி வரும் கேட்ரிட்ஜுகளில் பழுது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கும். அரை நிமிட வீடியோவில் அது தெரிய வழியே இல்லை.

இதன் காரணம் புரிந்தால் என்னென்ன சோதிக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். கேம்பாய் அட்வான்ஸ் 2001-இலும், உங்களிடமுள்ள எஸ்பி 2003-இலும் வெளிவந்தவை. சுமார் 16.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் அதன் செயலி, ஆட்டத்தின் நிரல் முழுவதையும் முன்கூட்டியே தன் நினைவகத்துக்குள் இழுத்துக்கொள்வதில்லை. வேண்டிய பகுதியைக் கேசட்டிலிருந்தே நேரடியாகப் படித்துப் படித்து ஓட்டுகிறது. இன்ன முகவரியில் இருப்பதைக் கொடு என்று அது கேட்ட மாத்திரத்தில் கேசட் கொடுத்தாக வேண்டும். மெமரி கார்டுக்கு அந்தச் சுறுசுறுப்பு கிடையாது. 512 பைட் கொண்ட கட்டுகளாகத்தான் அது தரவைத் தரும், அதற்கும் சற்றுக் காக்க வைக்கும். ஆகவே ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ் என்பது மெமரி கார்டைச் செருகும் வெறும் கூடு அன்று. கார்டிலிருந்து ஆட்டத்தைத் தன்னிடமுள்ள வேகமான ரேமுக்குள் முதலில் ஏற்றிக்கொண்டு, அசல் கேசட்டைப் போலவே செயலியிடம் நடந்துகொள்ளும் ஒரு சிறு கணினி என்றே அதைச் சொல்லலாம். இந்தக் கருவியில் ஒரு ஆட்டத்தின் அளவு சாதாரணமாக 32 மெகாபைட்டைத் தாண்டாது என்பதால் அவ்வளவு ரேம் போதும். பழைய தலைமுறைக் கேட்ரிட்ஜுகளில் ரேமுக்குப் பதிலாக ஃப்ளாஷ் சில்லில் ஆட்டத்தை எழுதுவார்கள். ஒரு ஆட்டம் ஏறிமுடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகும். எழுதும் முறை மாறிய பிறகும் ‘ஃப்ளாஷ்’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விற்பவரின் வீடியோ இதுவரை சொன்ன பகுதி வேலை செய்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. சேமிப்பு வேறு கதை. அசல் கேசட்டுகளில் சேமிப்புக்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. சில ஆட்டங்கள் பேட்டரியின் தயவில் நிற்கும் 32 கிலோபைட் எஸ்ரேம் என்ற நினைவகத்தையும், சில மின்சாரம் இல்லாமலேயே தரவைத் தாங்கும் 512 பைட் அல்லது 8 கிலோபைட் ஈஈப்ராமையும், வேறு சில 64 அல்லது 128 கிலோபைட் ஃப்ளாஷ் நினைவகத்தையும் பயன்படுத்தின. ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ் இந்த மூன்று வேடங்களையும் போட வேண்டும். பல மாதிரிகளில், நீங்கள் ஆட்டத்துக்குள் சேமித்தவுடன் தரவு போய் உட்காரும் இடம் மெமரி கார்டு அன்று; நாணய வடிவ பேட்டரி ஒன்றால் உயிர்பிடித்து நிற்கும் ஒரு சிறு நினைவகம். அடுத்த முறை கருவியைப் போடும்போதுதான் கேட்ரிட்ஜின் மென்பொருள் அதை எடுத்துக் கார்டில் ஒரு கோப்பாக எழுதி வைக்கும். அணைத்த நொடியிலிருந்து மறுபடி போடும் நொடி வரை உங்கள் உழைப்புக்கு அந்தப் பேட்டரி மட்டுமே காவல். ஈசி-ஃப்ளாஷ் ஒமேகா டெஃபினிட்டிவ் எடிஷன் போன்ற பிற்கால மாதிரிகளில் சேமிப்புக்கு எஃப்ரேம் என்ற, மின்சாரம் இல்லாமலேயே தரவைத் தாங்கும் சில்லை வைத்திருக்கிறார்கள். அவற்றில் இந்தக் கவலை இல்லை. நீங்கள் வாங்கப்போவது எந்த மாதிரி, அதன் சேமிப்புக்குப் பேட்டரி தேவையா என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒன்றை வாங்கினேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கவில்லை. முதல் நாள் மாலை இரண்டு மணி நேரம் ஆடி, மூன்று முறை சேமித்து, ஒவ்வொரு முறையும் சேமித்தாகிவிட்டது என்று திரையில் பார்த்துத் திருப்தியோடு அணைத்தேன். காலையில் போட்டால், அந்த ஆட்டத்தை யாரும் தொட்டதே இல்லை என்பதுபோல் முதல் பக்கம் நிற்கிறது. மூன்று கிளை கொண்ட சிறு திருப்புளியால் கூட்டைத் திறந்து பார்த்தபோது, பேட்டரியின் ஒரு காலடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மல்டிமீட்டர் 1.9 வோல்ட் காட்டியது. புதிய பேட்டரி என்றால் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். அதே எண் கொண்ட, கால் தகடு வைத்த பேட்டரி ஒன்றை வாங்கிப் பற்றவைத்தேன். செலவு ஒரு தோசையின் விலைதான். அதன்பின் இன்று வரை எதுவும் அழியவில்லை. சாதாரண நாணய பேட்டரியின் மீதே ஈயம் வைத்துப் பற்றவைக்க யாரும் முயல வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, வெடிக்கவும் கூடும்.

எனவே கோவைக்கு நேரில் போங்கள். உங்கள் எஸ்பியை முழுதாக சார்ஜ் செய்து எடுத்துச் செல்லுங்கள். முதலில் 128 கிலோபைட் சேமிப்பைப் பயன்படுத்தும் ஆட்டம் ஒன்றைத் தொடங்கிச் சேமியுங்கள்; போக்கிமான் எமரால்ட் அப்படிப்பட்ட ஆட்டம். பிறகு அணைத்து, கேட்ரிட்ஜைக் கருவியிலிருந்து வெளியே எடுத்து மேசைமேல் வையுங்கள். உள்ளேயே விட்டுவிட்டு உடனே மறுபடி போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. சாகும் தறுவாயில் உள்ள பேட்டரிகூடச் சில நொடிகளைத் தாங்கிவிடும். விற்பவர் காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துச் செருகிப் பாருங்கள். அது நின்றிருந்தால், எஸ்ரேமைப் பயன்படுத்தும் வேறு ஒரு ஆட்டத்தில் சேமித்துவிட்டு மீண்டும் முதல் ஆட்டத்துக்கு வாருங்கள். ஒன்றின் சேமிப்பு மற்றதை அழிக்காமல் இருந்தால்தான் வகை மாற்றம் சரியாக நடக்கிறது என்று பொருள். மடிக்கணினி இருந்தால் மெமரி கார்டை அதில் போட்டு, சேமிப்புக் கோப்பு உண்மையில் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு இருந்தாலும் போதாது. 128 கிலோபைட்டும் ஒரே எழுத்தாக நிரம்பிக் கிடந்தால் அதில் எதுவும் எழுதப்படவில்லை. வெற்றுக் கோப்பைத்தான் படைத்து வைத்திருக்கிறது.

அடுத்தது அசலா போலியா என்ற கேள்வி. எவர்டிரைவ் என்பது உக்ரைனைச் சேர்ந்த, கிரிக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் வடிவமைப்பாளரின் தயாரிப்பு. அதைப் பார்த்துச் செய்த போலிகள் சந்தையில் நெடுநாளாக உலவுகின்றன. போலி என்பதாலேயே ஓடாது என்றில்லை. சில நன்றாகவே ஓடுகின்றன. சிக்கல் புதுப்பிப்பில் வருகிறது. மூலத் தயாரிப்பாளர் வெளியிடும் மென்பொருளைப் போலிகள் பல சமயம் ஏற்பதில்லை, சில சமயம் ஏற்கப்போய் முடங்கிவிடுகின்றன. மேலே ஒட்டிய படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டிக்கர் அச்சடிக்க எவராலும் முடியும். மெனுவில் கருவி விவரம் காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, மாதிரியின் பெயரும் மென்பொருள் பதிப்பும் அவர் சொன்னதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு கேட்ரிட்ஜின் அடியில், கருவிக்குள் நுழையும் பலகையின் விளிம்பை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். ஒழுங்காகச் செய்த பலகையின் விளிம்பு சற்றே சரிவாகச் சீவப்பட்டிருக்கும். மலிவான பலகைகளில் அது வெட்டியது வெட்டியபடி செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு முறை செருகும்போதும் உங்கள் எஸ்பியின் ஊசிகளைச் சுரண்டும். கேட்ரிட்ஜ் கெட்டால் வேறு வாங்கலாம், இருபது வயதான கருவியின் ஊசி வளைந்தால் அதைச் சரிசெய்ய ஆள் தேட வேண்டியிருக்கும்.

மெமரி கார்டுக்கென்று தனியாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் அமைக்கப்பட்டவை. பல ஃப்ளாஷ் கேட்ரிட்ஜுகள் எதிர்பார்ப்பதோ ஃபேட் 32. மேலும் 64 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே அவ்வளவு இடம் இல்லாத கள்ளக் கார்டுகள் ஏராளம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுவதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். நம்பகமான கடையில் 16 அல்லது 32 ஜிபி கார்டு ஒன்றைப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்வதே நிம்மதி. உங்கள் கருவியில் 32 ஜிபிக்குள் அடங்காத அளவுக்கு எதையும் நீங்கள் வைக்கப்போவதில்லை.

இன்னொன்றையும் எதிர்பார்த்து வாங்குங்கள். போக்டாய் என்ற ஆட்டத்தின் கேசட்டில் வெயிலை உணரும் கருவியும், வாரியோவேர் ட்விஸ்டட் கேசட்டில் சுழற்சியை உணரும் கருவியும் இருந்தன. இவை ஃப்ளாஷ் கேட்ரிட்ஜில் கிடையாது. எஸ்பியின் பேட்டரியும் சற்று வேகமாகத் தீரும். எஸ்பிக்கு, விளக்கு எரியும் நிலையில் 10 மணி நேரம் என்று நிண்டெண்டோ சொன்னது புத்தம்புதிய பேட்டரியின் கணக்கு. இப்போது உங்களிடமுள்ள பழைய பேட்டரி பாதியில் தளர்ந்து ஆட்டம் உறைந்துபோனால், பழியைக் கேட்ரிட்ஜின் மேல் போடுவதற்கு முன் சார்ஜரைச் செருகிக்கொண்டு ஒரு முறை ஆடிப் பாருங்கள்.

இவ்வளவும் தேறினால், பாதி விலை நியாயமான விலைதான். சேமிப்பு மட்டும் நிற்கவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால், பேட்டரி மாற்றத் தெரிந்தவர் இன்னும் குறைத்துக் கேட்டு வாங்கிவிடலாம். தெரியாதவர் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): நான் பேசிக்கொண்டிருக்கும் விற்பனையாளர், கார்டில் 3,000 ஆட்டங்கள் ஏற்றித் தருவதாகச் சொல்லி அதற்குத் தனி விலை கேட்கிறார். இது முறையானதா?

பதில்: முறையானதன்று. அந்த 3,000-ஐ விற்கும் உரிமை அவருக்கு எங்கிருந்தும் வந்திருக்காது. ஃப்ளாஷ் கேட்ரிட்ஜை வைத்திருப்பதும், பிறருடைய ஆட்டங்களைப் படியெடுத்து விற்பதும் வேறு வேறு விஷயங்கள். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அந்தப் பிரதியிலிருந்தே, இழப்புக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பாகக் காப்புப் படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ‘அந்தப் பிரதியிலிருந்தே’ என்பதைக் கவனிக்க வேண்டும். என்னிடம் கேசட் இருக்கிறது, ஆகவே யாரோ ஏற்றியதை நான் இறக்கிக்கொள்ளலாம் என்ற வாதத்துக்கு அந்தச் சொற்களில் இடமில்லை. உரிமை மீறிய பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 63-பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஆதாய நோக்கம் இல்லாத இடத்தில் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சட்டத்தை விடுங்கள், 3,000 ஆட்டம் இருக்கும் கார்டில் எதையும் தேடி எடுத்து ஆட முடியாது என்பது என் அனுபவம். உங்களிடம் அசல் கேசட்டுகள் இருந்தால், ஜிபிஎக்ஸ்கார்ட் என்ற சிறு கருவியை யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து அவற்றை நீங்களே படியெடுக்கலாம். கேசட்டில் உள்ள பழைய சேமிப்பையும் அது எடுத்துத் தரும். சேமிப்புக்குப் பேட்டரியை நம்பும் கேசட்டானால், அதை மாற்றப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருப்பது போய்விடும். சிறுவயதில் தம்பியின் பெயரிட்டுச் சேமித்த ஆட்டம் அப்படியே கிடைத்த வீடுகள் எனக்குத் தெரியும். புதிதாக ஆட விரும்பினால், ஜிபி ஸ்டூடியோ போன்ற மென்பொருளைக் கொண்டு இன்றைக்கும் கேம்பாய்க்கு ஆட்டம் எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். அவர்களிற் பலர் தம் ஆட்டங்களை இட்ச் தளத்தில் இலவசமாகவோ சிறு தொகைக்கோ தருகிறார்கள். அவை பழைய கேம்பாய், கேம்பாய் கலர் வகை ஆட்டங்கள் என்பதால், அட்வான்ஸ் கேட்ரிட்ஜில் கூம்பா கலர் என்ற எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) வழியாகத்தான் ஓடும். கேசட்டுக்குக் கருவி தரும் மின்னழுத்தமும் வேறுபடும்: பழைய கேம்பாய்க் கேசட்டுக்கு 5 வோல்ட், அட்வான்ஸ் கேசட்டுக்கு 3.3 வோல்ட், எது செருகப்பட்டது என்பதைக் கேசட்டின் உருவத்தை வைத்தே கருவிக்குள் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச் கண்டுபிடித்து மாற்றிக்கொள்கிறது. வடிவம் பிசகிய உள்ளூர்க் கூடுகளில் கேட்ரிட்ஜை மாற்றிப் போட்டு விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): என்னிடம் இருப்பது நிண்டெண்டோ டிஎஸ் லைட். நண்பர் ஒருவர் பழைய ஆர்4 கார்டைச் சும்மா தருகிறார். அதில் கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்கள் ஓடுமா?

பதில்: நேரடியாக ஓடாது. ஆர்4 என்ற டிஎஸ் ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ் செருகப்படுவது மேலே உள்ள சிறு துளையில். அட்வான்ஸ் ஆட்டங்களைக் கருவி எதிர்பார்ப்பது அடியில் உள்ள அகன்ற துளையில். அடித்துளைக்கு மேலே சொன்ன எவர்டிரைவ், ஈசி-ஃப்ளாஷ் போன்றவைதான் வேண்டும். டிஎஸ் லைட்டில் அவை ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது பழுதன்று. டிஎஸ்ஐ மாதிரியில் அடித்துளையே எடுக்கப்பட்டுவிட்டதால் அவற்றைச் செருக வழியில்லை.

ஆர்4 என்ற பெயரில் இப்போது கைமாறுபவற்றில் பெரும்பாலானவை முதல் ஆர்4 அன்று, அதன் நகல்கள். அவற்றுள் சிலவற்றின் மென்பொருளில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின் ஓட மறுக்கும் பூட்டு வைக்கப்பட்டிருந்தது. நேற்று வரை ஓடிய கார்டு இன்று திடீரென்று பிழை காட்டினால், கருவியின் தேதியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். ஓடினால் கார்டு கெடவில்லை, அதற்கேற்ற வேறு மென்பொருளை ஏற்றினால் போதும். இவ்வகைக் கார்டுகளின் விற்பனைக்கு எதிராக 2009-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமும் 2010-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கின்றன என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்): 1990-களில் வாங்கிய டிவி வீடியோ கேம் இன்னும் ஓடுகிறது. அதன் கேசட்டுகள்தாம் ஒவ்வொன்றாக உயிரை விட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கும் செகண்ட் ஹேண்ட் ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ் கிடைக்குமா?

பதில்: முதலில், உயிரை விட்டதாக நீங்கள் நினைக்கும் கேசட்டுகளில் பாதி வெறும் அழுக்காக இருக்கலாம். நாமெல்லாம் ஊதி ஊதிப் போட்டவர்கள். ஊதும்போது போகும் எச்சில் ஈரம் செம்பைப் பச்சை பூக்க வைக்குமே தவிரத் துடைக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், குச்சியில் கறுப்பு ஏறுவது நிற்கும் வரை துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் அக்காலத்தில் விற்ற டிவி வீடியோ கேம்களில் மிகப் பல, 1983-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமின் நகல்கள். இதை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: கேசட்டின் அடியில் ஒரு பக்கத்துக்கு 30 தங்கநிறப் பட்டைகள், இரு பக்கமும் சேர்த்து 60 என்றால் அது ஃபேமிகாம் வகை. அமெரிக்காவில் விற்ற என்இஎஸ் கருவிக்கு 72. எவர்டிரைவ் என்8 என்ற ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ் இரண்டு வடிவிலும் வந்திருக்கிறது. விளம்பரத்தில் எது என்று சொல்லாமலேயே விற்பவர்கள் உண்டு என்பதால், பட்டைகள் தெரியும்படி படம் கேட்டு எண்ணிவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். 60-ஐ 72 ஆக்கும் இணைப்பான்கள் கிடைக்கின்றன என்றாலும் பழைய ஊசிகளின் மேல் கூடுதல் பாரம் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை.

ஒரு தடை இருக்கிறது. பிற்கால நகல்களில் முழுக் கருவியையும் ஒரே கருப்புப் பிசின் சொட்டுக்குள் அடக்கியிருப்பார்கள். அவற்றின் நேரக் கணக்கு அசலிலிருந்து சற்றே விலகும். சாதாரணக் கேசட்டுக்கு அந்த விலகல் பொருட்டன்று. ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ் அதில் தடுமாறலாம், ஒலி பாதி வராமலும் போகலாம். ஆகவே விற்பவரிடம் உங்கள் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்ச் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு முன்பாக, பெட்டியைத் திறந்து, 7805 என்று பொறித்த மூன்று கால் ரெகுலேட்டரின் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகத்தின்) வெளியீட்டை மல்டிமீட்டரில் பாருங்கள். 5 வோல்ட் நிலையாக நின்றால் மட்டும் கேட்ரிட்ஜைச் செருகுங்கள்; ஐந்தரை, ஆறு என்று அலைந்தால் முதலில் அந்த ரெகுலேட்டரை மாற்றிவிட்டுப் பிறகு கேட்ரிட்ஜுக்கு விலை பேசுங்கள்.